திரைக்குப் பின்னால்

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு அது என் முதல் விமானப் பயணம். அடையாறிலிருந்து மகளைப் பார்க்கக் கிளம்பியிருந்தேன். விமான நிலையத்தில் பெண்களைச் சோதிக்கும் தடுப்புக்குள் நின்ற பெண் காவலர், ஒவ்வொருவரையும் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். அவர் கை, உள்ளாடைக்குள் நான் வைத்திருந்த செயற்கை மார்பில் பட்டதும் நின்றது.

“ஆபரேஷன் ஆன இடம்மா. விட்டுடுங்களேன்,” என்றேன்.

“விட முடியாதும்மா. ஆனா வேற யாரும் பாக்காம பாத்துடலாம்.” திரையை முழுவதும் இழுத்து மூடினார். “நீங்களே எடுத்துக் காட்டுங்க.”

ரவிக்கையைத் தளர்த்தி, தழும்பு தெரிய அதை எடுத்துக் கொடுத்தேன். நிதானமாகப் பார்த்துத் திருப்பித் தந்தார்.

வெளியே ஒருத்தி, “இன்னா இவ்ளோ நேரம்? ஃப்ளைட்டு போய்டும்!” என்று கத்தினாள்.

“அவங்க புடவைய சரிபண்ணிக்கட்டும், அப்புறம் வாங்க,” என்றார் காவலர்.

நிமிர்ந்தே வெளியே வந்தேன். கணவரிடம்கூடக் காட்டாத தழும்பை, பெயர்கூடத் தெரியாத அவரிடம் எப்படிக் கூசாமல் காட்டினேன் என்பது இன்றும் புரியவில்லை.