மழையில்லாமல் விரித்த குடை

எங்கள் வீட்டு வாசலில், சப்பாத்துகளுக்கு மேலே உள்ள கொளுக்கியில், ஒரு மஞ்சள் குடை தொங்குகிறது. ஒரு கம்பி வளைந்துவிட்டது, துணியும் வெளுத்துப்போயிற்று. பிள்ளைகள் எத்தனையோ முறை அதைக் குப்பையில் போடப் பார்த்தார்கள், நான் விடவில்லை. மழை வந்தால் அதைத்தான் எடுத்துக்கொண்டு போவேன். மழை இல்லாவிட்டால், எந்தக் கொளுத்தும் வெயிலென்றாலும், விரிக்கவே மாட்டேன். இது மூடநம்பிக்கை என்கிறாள் என் மகள். மூடநம்பிக்கை இல்லை, பயம். ஒரே ஒரு தடவை மழையில்லாமல் அதை விரித்தேன். அது இந்தப் பிறவிக்குப் போதும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு நானும் சின்னண்ணையும் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தோம். கெல்சென்கிர்ச்சனில் ஹைம் என்கிற ஓர் அகதிகள் விடுதியில் விட்டார்கள். வேலை செய்யக் கூடாது. அனுமதி இல்லாமல் நகரத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டிப் பிடிபட்டால் என்ன நடக்கும் என்று ஹைமில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். தண்டப்பணம் என்றார் ஒருவர், மறியல், சிறைதான் என்றார் இன்னொருவர், அன்ட்ராக்கை, அதாவது அகதி விண்ணப்பத்தை, தூக்கி எறிந்துவிட்டுப் பிளேனில் ஏற்றிவிடுவான் என்றார் மூன்றாமவர். நான் மூன்றையும் நம்பினேன். எங்கள் விசாரணைக்குக் குறித்த நாள், டெர்மின், நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவில் பச்சைச் சட்டைப் பொலிஸைக் கண்டாலே அடுத்த சந்துக்குள் திரும்பிவிடுவேன்.

சின்னண்ணை யாழ்ப்பாணத்தில் தன் கல்லூரி உதைபந்தாட்ட அணிக்குக் கோல் காத்தவர். வீட்டில் அவருடைய குரலே கேட்காது. கோலுக்குள் நின்றால் மட்டும் ஆளே வேறு. கெல்சென்கிர்ச்சனில் ஒரு சிறிய கழகம் அவரைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டது. ஆனால் போட்டியில் இறக்க ஏலாது. லீக் போட்டி என்றால் ஒவ்வொருவரிடமும் படம் ஒட்டிய விளையாட்டு அடையாள அட்டை இருக்க வேண்டும். அதற்கு ஊர் உதைபந்தாட்டச் சங்கத்திடமிருந்து சம்மதக் கடிதம் வர வேண்டும். ஊர் எரிந்துகொண்டிருந்தபோது யார் கடிதம் போடுவது? ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மனுசன் கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்தார். பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் அந்தக் கேப்டன் வந்தான். ஆஹென் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த மதுரைப் பையன். வெளிநாட்டு மாணவர்களின் போட்டிக்கு ஓர் அணி வைத்திருந்தான், கோல் காக்க மட்டும் ஆள் இல்லை. எங்களூர்க் கடைக்கு மிளகாய்த்தூள் வாங்க வந்தவன், மைதானத்தில் சின்னண்ணையின் பயிற்சியைப் பார்த்துவிட்டு ஹைமுக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். "அண்ணா, இது யூனிவர்சிட்டி மேட்ச். ஐடி எல்லாம் செக் பண்ண மாட்டாங்க. சும்மா வாங்க, ஒரு ப்ராப்ளமும் இல்ல," என்றான். அவனுக்கென்ன, அவனுடைய கடவுச்சீட்டில் விசா இருந்தது. எல்லையைத் தாண்டி ஆஹெனுக்கா, முடியவே முடியாது என்று நான் குதித்தேன். சின்னண்ணை என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குத்தான் நான் தோற்றேன். தனியே விட மனமில்லாமல் நானும் கூடவே போனேன். பிடித்தால் இரண்டு பேரையும் பிடிக்கட்டும்.

ரயிலில் போகும்போதே பேசி வைத்துக்கொண்டோம். நான் மைதானத்துக்கு வெளியே குடையோடு நிற்பேன். பொலிஸைக் கண்டால் குடையை விரிப்பேன், சின்னண்ணை உடனே வெளியே வந்து உடை மாற்றும் கொட்டகைக்குப் பின்னால் போய்விட வேண்டும். ஆபத்துப் போனதும் மடக்குவேன், திரும்பப் போகலாம். அந்தப் போட்டியில் அதற்கு இடமிருந்தது. லீக்கில் மாதிரி இல்லை. மாணவர் போட்டியில் நேரமும் குறைவு, ஆட்களும் நினைத்தபடி வெளியே வந்து இளைப்பாறிவிட்டு மறுபடி உள்ளே போகலாம். காலையிலிருந்து சின்னண்ணையே அப்படிப் பல தடவை போய் வந்தார். அவர் பந்தைப் பாய்ந்து பிடித்த ஒவ்வொரு தடவையும் பையன்கள் ஆர்ப்பரித்தார்கள். எனக்கோ, இந்த மனுசன் இவ்வளவு நன்றாக விளையாடி எல்லாருடைய கண்ணிலும் படுகிறாரே என்று பதறியது.

இறுதி ஆட்டத்துக்கு விசில் ஊதப் புதிதாக ஒரு மத்தியஸ்தர் வந்தார். கறுப்பு உடை, ஒட்டிய கன்னம், சிரிப்பு மருந்துக்கும் இல்லை. நகரத்து உதைபந்தாட்டச் சங்கம் கிண்ணம் கொடுப்பதால் இறுதி ஆட்டம் மட்டும் முழுக்க லீக் விதிப்படி நடக்கும் என்று கேப்டனிடம் அவர் சொன்னாராம். கேப்டன் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டான். நேரம் கூடும் என்பது மட்டும்தான் அவன் மண்டையில் ஏறியது. சின்னண்ணை அப்போது குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கோல். முடிய இன்னும் கொஞ்ச நேரம். பச்சை வெள்ளைப் பொலிஸ் வான் ஒன்று வந்து மைதான ஓரத்தில் நின்றது. இரண்டு பொலிஸ்காரர் இறங்கினார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நான் குடையை விரித்தேன். சின்னண்ணை கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வெளியே வந்தார். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ஒரு கொழுத்த மனிதர் அவருக்குப் பதிலாகக் கோலுக்குள் போனார். பொலிஸ்காரர் இருவரும் நேரே சொசேஜ் வண்டிக்குப் போனார்கள். பசிக்கு வந்தவர்கள். அதற்குள் நாங்கள் ஒரு கோல் வாங்கிவிட்டோம். அவர்கள் வானுக்குத் திரும்பி நடந்ததும் நான் குடையை மடக்கினேன். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

சின்னண்ணை கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினார். மத்தியஸ்தர் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். "ரவுஸ் இஸ்ட் ரவுஸ்," என்றார். வெளியே போனவர் போனவர்தான். என் சின்னண்ணை, குரலே கேட்காத சின்னண்ணை, கத்தத் தொடங்கினார். காலையிலிருந்து எல்லாரும் போய் வரவில்லையா, எனக்கு மட்டும் என்ன என்று தமிழிலும் இங்கிலீசிலும் கத்தினார். அத்தனை மாதம் பந்து பொறுக்கிய கோபம் அது. மத்தியஸ்தர் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையையும் பென்சிலையும் எடுத்து, பெயர் என்ன என்று கேட்டார். சத்தம் கேட்டு வானுக்கு அருகே போன பொலிஸ்காரர்களும் சொசேஜோடு திரும்பி வந்தார்கள். ஏதும் பிரச்சினையா என்று ஒருவர் கேட்டார்.

சின்னண்ணை பெயரைச் சொல்லாமல் கையுறைகளைக் கழற்றவும் மாட்டவுமாக நின்றார். பெயர் சொன்னால் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பான். அதற்குப் பிறகு எந்த ஊர் என்று கேட்பான். நான் குடையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மத்தியஸ்தர் அந்தக் கைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அட்டையைத் திரும்பப் பைக்குள் போட்டார். பொலிஸிடம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, எனக்கே விளங்கும் ஜெர்மனில் சொன்னார்: "பிரச்சினை இல்லை. இவர் ஆட்டத்தில் இல்லை. ஆட்டத்தில் இல்லாதவரின் பெயர் எனக்குத் தேவையில்லை. அதுதான் விதி."

பொலிஸ்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். நாங்கள் தோற்றோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், டிக்கெட் பரிசோதகர் கதவைத் திறக்கும்போதெல்லாம் செத்துச் செத்துப் பிழைத்தேன். ஹைமுக்குள் கால் வைத்த பிறகுதான் பயம் விட்டுக் கோபம் வந்தது. கட்டையில போவான், என் அண்ணனை ஆளாகவே கணக்கெடுக்கவில்லை, பெயர்கூடத் தேவையில்லை என்றான் என்று வாய் ஓயாமல் திட்டினேன். அந்த அன்ட்ராக் வென்று, எங்களுக்குக் கல்யாணங்கள் நடந்து, பிள்ளைகள் பிறந்த பிறகும் உதைபந்தாட்டப் பேச்சு வந்தால் அந்த மனிதருக்குத் திட்டு விழும். சின்னண்ணை கேட்டுக்கொண்டு இருப்பார்.

இப்போது சின்னண்ணையின் மகளே மத்தியஸ்தர். ஒரு கிழமை லீக், ஒரு கிழமை மாணவர் போட்டி என்று ஓடித் திரிகிறாள். போன மாதம் அவளிடம் இந்தக் கதையைச் சொல்லி வழக்கம்போல் திட்டத் தொடங்கினேன். அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"மாமி, வெளியில போன ஆளுக்கும் மஞ்சள் அட்டை காட்டலாம். பெயரையும் கட்டாயம் எழுதவேணும். அவர் சொன்ன மாதிரி ஒரு விதி லீக்கிலயும் இல்லை, மாணவர் போட்டியிலயும் இல்லை."

நான் சின்னண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார். "உனக்குச் சொன்னால் அடுத்த நாள் ஹைம் முழுக்கக் கதைச்சிருப்பாய். அந்தாள் எங்களுக்காகப் பொலிசுக்குப் பொய் சொன்னவர். அவரை நாங்கள் ஏன் மாட்டிவிடவேணும்?"

அப்படியென்றால் இத்தனை காலமும் நான் யாரைத் திட்டினேன்? எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு விதிக்காக ஆட்டத்தையே நிறுத்திய மனிதர், அதே மூச்சில் இல்லாத விதி ஒன்றை உண்டாக்கியிருக்கிறார். அவருடைய பெயர் எங்கள் இருவருக்கும் தெரியாது. நாங்களும் கேட்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மருமகள் ஊதிய ஆட்டத்தைப் பார்க்க நாங்கள் இருவரும் போனோம். கோட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். பாதி ஆட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் மஞ்சள் குடையை விரித்தேன். படாரென்று அது விரிந்த சத்தத்தில், பக்கத்தில் நின்ற சின்னண்ணை கோட்டை விட்டுப் பின்வாங்கி, கொட்டகைப் பக்கம் திரும்பிவிட்டார். பிறகு தன் கால்களைத் தானே பார்த்துவிட்டு, குடைக்குள் வந்து நின்றார்.