கூண்டுக் கட்சிக்கு முதற்பரிசு

லண்டனுக்கும் கனடாவுக்கும் போன நம்மவர்கள் பனியைப் பற்றி எழுதுகிறார்கள். மூக்கு விறைத்துப்போனதையும், பாஷை புரியாமல் கடையில் சீனி என்று உப்பை வாங்கி வந்ததையும் எழுதுகிறார்கள். எனக்கு எழுதுவதற்குப் பனி இல்லை. நான் புலம்பெயர்ந்தது கோயம்புத்தூருக்கு. கடலைத் தாண்டினால் வந்துவிடுகிற நாடு, நாங்கள் பேசுகிற தமிழையே பேசுகிற நாடு, இதில் என்ன புதினம் என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். புதினம் இருக்கிறது. இங்கே பஸ் கண்டக்டர் கல்லூரிக்குப் போகிற பெட்டையைப் பார்த்து, "கொஞ்சம் உள்ள தள்ளிக்குங்க கண்ணு" என்கிறார். காய்கறி விற்கிறவர், தபால்காரர், மில் வாசலில் நிற்கிற காவலாளி என்று எல்லோர் வாயிலும் ஒரு 'ங்க'. நாய்க்கும் போடுவார்களோ என்று சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் நின்று கவனித்திருக்கிறேன். போடவில்லை. நாய்க்கும் எங்கள் முகாமுக்கும் மட்டும் அது கிடையாது. முகாம் வாசலைத் தாண்டியதும் அதே ஊர்க்காரர்களின் நாக்கு, "ஏ சிலோன், வரிசையில நில்லு" என்று மாறிவிடும்.

முகாம் என்பது அவிநாசியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போகவேண்டிய ஒரு பழைய பஞ்சுக் குடோன். உள்ளே தார் ஷீட்டும் பழைய சேலையும் கட்டி அறைகளாகப் பிரித்திருந்தார்கள். ஒரு அறையில் அம்மாவும் நானும். அப்பா ஊரிலேயே போய்விட்டார். அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். அகதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாசல் மறுபடி திறந்த சமயம் எனக்கு விலங்கியல் கிடைத்தது, விடுதியில் தங்க அனுமதியும் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. செக்கிங் நாளில் நான் முகாமில் இருக்கவேண்டும். அலுவலர் பேர் வாசிக்கும்போது ஆள் நேரில் நின்று கை தூக்கவேண்டும். நிற்காவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள். பதிவு போனால் விடுதி போகும், கல்லூரி போகும், பிறகு என்னை எங்கே பிடித்துக்கொண்டுபோய் வைப்பார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. எங்கள் முகாமில் அப்படி வெட்டுப்பட்ட ஒருவர் மறுபடி பேர் சேர்க்க அலைந்து அலைந்து பைத்தியம்போல ஆகியிருந்தார். அவரைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பரீட்சைப் பயம் என்பதே இல்லாமல் போனது.

விடுதியில் எனக்கு வாய்த்த சிநேகிதி கோகிலா. பல்லடம் பக்கத்தில் அவள் அப்பாவுக்குப் பெரிய முட்டைக்கோழிப் பண்ணை. முதல் நாள் நான் வாய் திறந்ததும், "நீங்க கேரளாங்களா?" என்று கேட்டவள் அவள்தான். பதில் சொன்னதும் ஐயோ பாவம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் 'ங்க' உதிர்ந்து நீ, நான் என்று ஆகிவிட்டோம். கண்டக்டரின் ஆயிரம் 'ங்க'வைவிட அவள் கூப்பிட்ட ஒரு 'ஏய்' எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த வருஷம் எங்கள் விலங்கியல் மேடம் இங்கிலாந்துக்குப் போய்வந்தார். வரும்போது ஒரு வீடியோ கேசட்டும், பிராணிகள் நல மன்றம் என்ற யோசனையும் கொண்டுவந்தார். ஆய்வகத்தில் டிவி வைத்துப் போட்டுக் காட்டினார். கம்பிக் கூண்டில் சிறகை விரிக்க இடமில்லாமல் கோழிகள் நெருக்கியடித்து நின்றன. கன்றுக்குட்டிகளை ஏற்றிய லாரிக்கு முன்னால் வெள்ளைக்காரக் கிழவிகள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகளும் அழுதார்கள். கோகிலாவின் கண் வீங்கிப்போனது. அன்று இரவே விடுதியில் பாதிப் பேர் இனி முட்டை தொடுவதில்லை என்று சபதம் எடுத்தார்கள். மெஸ்ஸில் முட்டை போடுகிற நாளில் அந்த அவித்த முட்டைகளெல்லாம் என் தட்டுக்கு வந்தன. நான் வெட்கப்படாமல் வாங்கி டிபன் பாக்ஸில் அடுக்கி, சனிக்கிழமை முகாமுக்குக் கொண்டுபோனேன். கூண்டுக் கோழியின் துயரத்தால் முகாமில் எங்கள் அறை வரிசைச் சிறுவர்கள் இரண்டு மாதம் முட்டை தின்றார்கள். கொள்கைகளால் நன்மை இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள்.

ஊரில் எங்கள் வீட்டு வளவிலும் கோழிகள் நின்றன. பகலெல்லாம் கிளறித் திரிந்துவிட்டுப் பொழுதுபட்டால் தாமாகக் கூட்டுக்கு வந்துவிடும். ஷெல் விழத் தொடங்கி நாங்கள் ஓடின விடியற்காலையில் அம்மா வாசல் படலை வரைக்கும் வந்தவள் திரும்பி ஓடினாள். நகையை மறந்துவிட்டாளாக்கும் என்று நினைத்தேன். அவள் போய்க் கோழிக்கூட்டின் கதவைத் திறந்து, அது தானாகச் சாத்திவிடாமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தாள். வழி முழுக்க அதைப் பற்றியே கதைத்தாள். நரி பிடித்திருக்குமோ, ஆர்மி பிடித்திருக்குமோ. முகாமுக்கு வந்து இத்தனை காலமாகியும் அந்தக் கதவு அவள் மனதில் திறந்தபடியே கிடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கறுத்தப் பேட்டுக்கோழி ஒன்றை வாங்கி, குடோனுக்குப் பின்னால் காலில் கயிறு கட்டி வளர்த்தாள். ஊருக்குப் போகும்போது நாலு குஞ்சாவது கொண்டுபோகவேண்டும் என்பது அவளுடைய திட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோகிலா என்னைப் பண்ணைக்கு அழைத்துப்போனாள். அவள் அப்பா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோழிக் கொட்டகைகளைச் செட் செட்டாகக் காட்டினார். கேசட்டில் பார்த்த அதே கூண்டுகள்தான். ஆனால் அந்த மனிதர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டால் அவருக்குச் சோறு இறங்காது என்று கோகிலாவின் அம்மா குறைப்பட்டுக்கொண்டார். முட்டைகளை என் கையில் வைத்து, சைவம் சாப்பிடுகிறவர்களும் இதைத் தாராளமாகச் சாப்பிடலாம், சேவல் சேராத முட்டை, எத்தனை நாள் அடை வைத்தாலும் குஞ்சு வராது என்று பெருமையாகச் சொன்னார். மேடம் சொல்லிக்கொடுத்த கேள்வியை நான் கேட்டேன். இவற்றை வெளியே திறந்துவிட்டால் என்ன?

"உட்டா எங்க போறதுன்னு அதுகளுக்குத் தெரியாதுங்க கண்ணு" என்றார். "கூண்டோரமாவே நிக்கும்."

மன்றத்தின் முதல் நிகழ்ச்சியாகப் பட்டிமன்றம் ஏற்பாடானது. கோழிக்கு நல்லது கூண்டா, திறந்த வெளியா? பரிசு கோகிலாவின் அப்பா தருவதாக ஒப்புக்கொண்டார். மகள் கேட்டு அவர் இல்லை என்று சொன்னது கிடையாது. கூண்டுக் கட்சியில் பேச ஒருத்தியும் வரவில்லை. பண்ணைக்காரர் மகளே திறந்த வெளிக் கட்சியில் போய் உட்கார்ந்துவிட்டாள். குலுக்கலில் என் பெயர் வந்தது. குலுக்கல் எங்கள் பக்கம் விழுவது எனக்குப் புதிது இல்லை.

பட்டிமன்ற நாளும் செக்கிங் நாளும் ஒன்றாக வந்தன. காலையில் பேசி முடித்துவிட்டு மதிய பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். தலைமை தாங்கவேண்டிய கோகிலாவின் அப்பா வரவில்லை. வெளியூருக்குப் போகவேண்டிய முட்டை லோடு தாமதமாம். அவரில்லாமல் தொடங்கக்கூடாது என்றார்கள். நான் மேடத்திடம் போய், இன்றைக்கு நான் முகாமில் நிற்காவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள் என்று சொன்னேன். மேடம் பரிவோடு கேட்டுக்கொண்டார். கல்லூரித் தாளில் ஒரு கடிதம் தருகிறேன், படித்தவர்கள்தானே, புரிந்துகொள்வார்கள் என்றார். எந்த உலகத்தில் இருக்கிறீர்கள் மேடம் என்று கேட்க வாய்வரை வந்தது. விடுதிக் காப்பாளரும் அவர்தான். வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் கோகிலாவின் அப்பா வந்து சேர்ந்து, என் முறையும் வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அவிநாசி பஸ்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டே மேடை ஏறினேன். எழுதி வைத்திருந்த குறிப்பு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மாறாக, மாதாமாதம் செக்கிங் வரிசையில் நின்று கேட்ட வார்த்தைகள் தாமாக வந்தன. கூரை போட்டுக் கொடுத்திருக்கிறோம். வேளைக்குத் தீனி போடுகிறோம். வெளியே போனால் அடிபட்டுச் சாவாய் என்றுதானே உள்ளே வைத்திருக்கிறோம்? இருக்கிற இடம் போதாது, காற்று போதாது என்று கொக்கரிக்கிறாயே, உன்னை யார் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டார்கள்? உயிரோடு இருக்கிறாயே, அதற்கு ஒரு நன்றி உண்டா? அலுவலர் கையை ஆட்டுவதுபோல ஆட்டிச் சொன்னேன். அரங்கம் சிரித்துச் சிரித்துக் கை தட்டியது. திறந்த வெளிக்காகக் கண்ணீர் விட்டுப் பேசிய கோகிலாவும் தட்டினாள். எனக்குத்தான் முதற்பரிசு. எங்கே இருந்து இந்த வாதமெல்லாம் பிடித்தாய் என்று மேடம் வியந்தார். வீட்டிலிருந்து என்றேன்.

பரிசு ஒரு அட்டை நிறைய முட்டை. கப் வாங்கி வைத்து என்ன செய்வது, சாப்பிடுகிற பொருளாக இருக்கட்டும் என்றார் கோகிலாவின் அப்பா. பிராணிகள் நல மன்றத்தின் மேடையில் முட்டை அட்டையைக் கண்டு மேடத்தின் முகம் போன போக்கை நின்று ரசிக்க எனக்கு நேரமில்லை. கோகிலா விஷயத்தைச் சொன்னதும் அவள் அப்பா பதறிப்போனார். தன்னால்தானே தாமதம் என்று முட்டை வேனை அவரே எடுத்தார். முன்னால் நாங்கள் மூவர், என் மடியில் பரிசு, பின்னால் காலி அட்டைகள் கடகடவென்று ஆடின. அவிநாசி வரைக்கும் நான் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போய் இறங்கும்போது செக்கிங் முடிந்திருந்தது. அலுவலர் பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு முன்னால் கையைப் பிசைந்தபடி நின்றாள்.

"பிள்ளை, உன்ரை பேரைக் கூப்பிட்டிட்டாங்கள்" என்றாள்.

நான் கடிதத்தை நீட்டினேன். அவர் அதைக் கையால் தொடவே இல்லை. ஆப்சென்ட் போட்டாச்சு, போ என்றார். அந்த நேரம் வேனை ஓரமாக நிறுத்திவிட்டுக் கோகிலாவின் அப்பா வந்தார். அலுவலர் மொபெட்டை விட்டுக் கீழே இறங்கினார்.

"அட, வாங்க வாங்க. நமக்கு வேண்டிய புள்ளைங்களா இது?"

"நம்ம புள்ளைதானுங்க. நம்மாலதான் லேட்டாயிப்போச்சு. பாத்துச் செய்யுங்க."

அவ்வளவுதான். பேனா வெளியே வந்தது, ஆப்சென்ட் அடிபட்டது, நான் மறுபடி ஆள் ஆனேன். கல்லூரித் தாளாலும் அம்மாவின் கண்ணீராலும் ஆகாதது ஒரு பண்ணைக்காரரின் ஒரு வார்த்தையால் ஆனது. அவர் உடனே கிளம்பவில்லை. இடுப்பில் கை வைத்துக் குடோனுக்குள் எட்டிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், தடுப்புகளைப் பார்த்தார், மூக்கைச் சுருக்கினார். பல வருஷப் பண்ணைக்காரரின் கவலை அவர் முகத்தில் வந்தது.

"ஏனுங்க, இத்தன உருப்படிய ஒரே செட்டுல அடைச்சா சீக்கு வந்துருமுங்க" என்றார் அலுவலரிடம். "மேல ரெண்டு பக்கமும் காத்து போக உடோணும். நம்ம கோழிக்கே இதவிட எடம் உட்டிருக்கறமுங்க."

அலுவலர் சிரித்துவிட்டு, மேலே எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. அந்த இடம் போதாது என்று எங்களுக்காக அதுவரை வாய் திறந்த ஒரே மனிதர் அவர். மன்றத்தில் ஒருவரும் திறக்கவில்லை. அவரை எப்படி வெறுப்பது? அம்மா தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாள். இன்னொரு நாளைக்கு வாரேனுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கோகிலா வேனை விட்டு இறங்கவே இல்லை. கேசட்டுக் கோழிக்கு அழுதவள் அன்று அழவும் இல்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை விடுதியில், "வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அன்று திரும்பி வந்த 'ங்க' கடைசி வருஷம் வரைக்கும் போகவில்லை.

அம்மாவுக்கு அவர் தெய்வமாகிவிட்டார். நல்ல மனிசன், நல்ல மனிசன் என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு முட்டைகளைப் பங்கிட்டாள். கொஞ்சத்தை மட்டும் ஒதுக்கி வைத்தாள். கறுத்தப் பேடு அப்போது அடை கிடக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்ல சாதிக் கோழியின்ரை முட்டை பிள்ளை. அடை வைப்பம். போகேக்கை குஞ்சுகளோடை போகலாம். அங்கை கூடு திறந்தபடிதானே கிடக்கும்."

விலங்கியல் படிக்கிற பெட்டை நான். பண்ணைக்காரர் சொன்னதும் என் காதிலேயே இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அவள் வைக்கோலைப் பரப்பி ஒவ்வொரு முட்டையாக வைக்கிற கையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அடுத்த செக்கிங் நாளுக்குப் போனபோது கோழி அடையை விட்டு எழும்பிவிட்டிருந்தது. குஞ்சு பொரிக்கிற நாள் எப்போதோ தாண்டிவிட்டது. வரிசையில் கை தூக்கி ஆள் இருக்கிறேன் என்று காட்டிவிட்டுப் பின்பக்கம் வந்தால், அம்மா குந்தியிருந்து கடைசி முட்டையைக் காதில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கூழ் அலம்புகிற சத்தம் நின்ற இடத்திலேயே எனக்குக் கேட்டது.

"ஏதோ அசையுது பிள்ளை. கேட்டுப் பார்" என்று நீட்டினாள்.

வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். ஓம் அம்மா என்றேன்.