மாமா தின்ற புத்தி

என் மேசைமேல் ஒரு பழைய தீப்பெட்டி இருக்கிறது. அதன்மேல் மையால் ‘2’ என்று எழுதியிருக்கும். உள்ளே எப்போதும் ஒரு முந்திரிப் பருப்பு வைத்திருப்பேன், பழசானால் மாற்றிவிடுவேன். மஞ்சக்குப்பம் வீட்டில் அதைத் தொட யாருக்கும் அனுமதி கிடையாது. போன வாரம் பேத்தி, பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்பவள், முதல் பரீட்சையிலேயே கோட்டைவிட்டு, விடைத்தாளைச் சுருட்டிப் பிடித்தபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னருகே வந்து உட்கார்ந்தாள். இந்தப் பாடமே வேண்டாம், மாற்றிக்கொள்கிறேன் என்றாள். எனக்கு அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் நினைவு வந்துவிட்டது. எனக்கு அவர் முதலில் தாய்மாமா, அப்புறம் மாமனார்.

அறுபதுகளில் நானும் மாமா மகனும் சிதம்பரத்தில் ஒரே விடுதி அறையில் தங்கிப் பி.யு.சி. படித்தோம். நூலகத்தில் ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் கம்ப்யூட்டரைப் பற்றி வாசித்த நாளிலிருந்து மச்சானுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. தீப்பெட்டிகளை வைத்தே யோசிக்கிற பொறி செய்யலாமாம். விளையாட்டு எளிது. பத்துக் குச்சி, ஆளுக்கு மாற்றி மாற்றி ஒன்றோ இரண்டோ எடுக்க வேண்டும், முதல் முறை எப்போதும் பொறிக்கு, கடைசிக் குச்சியை எடுப்பவருக்கு வெற்றி. எண் போட்ட ஒவ்வொரு பெட்டியிலும் புளியங்கொட்டையும் முந்திரியும் கிடக்கும். பொறியின் முறை வந்தால், மீதி எத்தனை குச்சியோ அந்த எண் பெட்டியைக் குலுக்கி, உள்ளே பார்க்காமல் மச்சான் ஒரு விதையை எடுப்பான். புளியங்கொட்டை வந்தால் ஒரு குச்சி, முந்திரி வந்தால் இரண்டு. தோற்றால், தோற்கடித்த விதையைத் தூக்கி எறிந்துவிடுவான். பண்ருட்டி முந்திரி வியாபாரி மகனுக்கு வேறென்ன விதை கைக்கு வரும்! தோற்கத் தோற்கத் தப்பான விதைகள் போய், பொறிக்குப் புத்தி வந்தது. விடுதியில் ஒருவராலும் அதை ஜெயிக்க முடியவில்லை.

பொறி தேறியது, மச்சான் அரையாண்டுப் பரீட்சையில் தேறவில்லை. அவனைப் படிப்பிலிருந்து நிறுத்திக் கடைக்கு அழைத்துப்போக மாமா வந்து இறங்கினார். பொறியைக் காட்டினால் மனசு மாறுவார் என்று மச்சான் நம்பினான். அவரை அறையில் உட்காரவைத்துவிட்டு, காபி வாங்க இருவரும் ஓடினோம்.

காபியோடு திரும்பியதும் மாமாவுக்கும் பொறிக்கும் ஆட்டம் தொடங்கியது. இரண்டே குச்சி மீதி, பொறியின் முறை. ‘2’ பெட்டியில் முந்திரிதான் இருக்கும், இரண்டையும் எடுத்து ஜெயித்துவிடும். மச்சான் பெட்டியைக் குலுக்கினான். சத்தமே இல்லை. திறந்தால் காலி. மாமா நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“அதுல இருந்த பருப்பா? நான்தான்டா தின்னேன். நல்ல பருப்பு. உப்புதான் இல்ல.”

மச்சானுக்கு அழுகையே வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் மாமா, “அப்ப இதோட புத்தியையா தின்னுட்டேன்?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வியாபாரத்துக்குக் காட்டப் பையில் வைத்திருந்த மாதிரிப் பருப்பைக் கொட்டி, “எல்லாப் பொட்டியிலயும் பழையபடி போடு, மொதல்லேருந்து ஆடலாம்” என்று வேட்டியை மடித்துக் கட்டித் தரையில் உட்கார்ந்தார். ஜெயித்தபோதெல்லாம் பக்கத்து அறைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு பொறி ஜெயிக்க ஆரம்பித்தது. அவர் விடவில்லை. பண்ருட்டி பஸ் போயேவிட்டது.

கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “எத்தினி வாட்டி தோத்துது! இத நான் கடைக்கா இட்டுனு போயிட்டேன்? நீ ஒரு வாட்டிதானடா தோத்த. படி.” மாதிரிப் பருப்பையும் அங்கேயே விட்டுப் போனார்.

மச்சான் அந்த வருஷம் தேறினான். பின்னாளில் நிஜக் கம்ப்யூட்டர்களோடுதான் அவன் பிழைப்பே.

கதையைச் சொல்லி முடித்துத் தீப்பெட்டியைத் திறந்தேன். காலி.

“உப்பே இல்லியே தாத்தா” என்றாள் பேத்தி, மென்றுகொண்டே விடைத்தாளை மறுபடி விரித்தபடி.