யன்னலைத் திறந்து பதிந்தவர்

ஊர்காவற்றுறையில் பார்ஜ் எனும் சரக்குப் படகுகளை இழுத்துச் செல்லும் ஒப்பந்தங்களைக் கணினியில் பதிகிற அக்கா அவர். புது மென்பொருளைப் பழக்கிவிட நான் போயிருந்தேன். அவரது மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் பதியுமுன் எழுந்துபோய் யன்னலைத் திறந்து கடலைப் பார்ப்பார்.

நெடுந்தீவுக்குப் போக ஒரு நேரமும் கட்டணமும், திரும்பி வர வேறொன்றும் போட்டிருந்தார்.

“ரெண்டும் ஒரே தூரம்தானே அக்கா?” என்றேன்.

“ஓம் தம்பி, தூரம் ஒண்டுதான். ஆனா போகேக்கை தென்மேற்கிலை இருந்து வாற சோளகக் காத்து எதிர்த்தடிக்கேக்கை ரெண்டு மணித்தியாலம் எண்டு நாங்கள் இஞ்சை இருந்து எழுதினால், அதுக்குள்ளை போய்ச்சேர இழுவைப்படகுக்காரங்கள் உயிரைக் குடுத்தெல்லோ இழுப்பாங்கள்!”

அன்றே மென்பொருளில் காற்றுக்கென்று ஒரு கட்டம் சேர்த்தேன். இப்போது அந்த மென்பொருள் வேறு துறைமுகங்களிலும் ஓடுகிறது. அந்தக் கட்டத்தில் என்ன போடுவதென்று கேட்பவர்களிடம், முதலில் எழுந்துபோய் யன்னலைத் திறக்கச் சொல்கிறேன்.