நெகட்டிவ் வந்த நாளின் பிரதமன்

கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் அடைப்பிரதமன் பாயசம் கொதிக்கிறது. வெல்லமும் தேங்காய்ப்பாலும் புரண்டு எழும் மணம் மூக்கில் ஏறியதும் குமட்டுகிறது எனக்கு. பந்தியில் உட்காராமல் வெளியே வந்து நிற்கிறேன்.

மயினி, என் அண்ணன் மனைவி, எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் பிரதமன் கிண்டியவள். அறுபதை நெருங்கும் வயதில் ஒருநாள், உருளி முன்னால் கரண்டியோடு நின்றவளுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அடிப்பிடித்துப் புகைந்தது, அவள் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில வாரங்களில் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, சும்மா கிடந்த கை வெட்டி வெட்டி இழுத்தது. மூளையில் ஒரு புரதம் தானாகவே கோணி, பக்கத்தில் உள்ளதையும் தன்னைப்போலக் கோணவைத்து, மூளையைப் பஞ்சாக அரிக்கும் நோயோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அதற்கு மருந்து இல்லை. அதுதான் என்று தெரிந்தால், அவளைத் திட்டாமலாவது வைத்துக்கொள்ளலாம்.

முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். சிறு ரத்தக்குழாய் கீறிவிட்டது போலும், தெளிந்து வரவேண்டியது மீன் கழுவிய தண்ணீர்போல வந்தது. டாக்டர் அண்ணனிடமும் என்னிடமும் சொன்னார்: "ரத்தம் கலந்தா இந்த டெஸ்ட் ஏமாத்திரும். நோய் இருந்தாலும் இல்லைன்னு காட்டலாம். ஸ்கேன் சந்தேகமாத்தான் இருக்கு. நெகட்டிவ்னு வந்தா, தெளிஞ்ச நீரா இன்னொரு தடவை எடுக்கணும்."

நெகட்டிவ் வந்தது. அண்ணன் காதுக்குள் போனது அந்த ஒரு சொல் மட்டும்தான். மறுநாளே வீட்டில் பந்தி, பிரதமன். "ரத்தம் கலந்த டெஸ்டை நம்பப்பிடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா?" என்றேன். பிரதமனில் பப்படத்தை நொறுக்கிப் பிசைந்துகொண்டே சித்தப்பா, "எலே, நீ எப்பம்டே டாக்டருக்குப் படிச்ச? இல்லேன்னு வந்த பொறவும் இருக்குன்னு நிக்கியே. இன்னொருக்க குத்தணும்னுதான் அவன் சொல்லுவான். அதாக்கும் அவனுக்க வேலை" என்றார். பந்தி சிரித்தது. சிரித்த வாய்களின் ஓரத்தில் ஒழுகிய பிரதமன், அதை உறிஞ்சிய சத்தம், தூ.

மயினியையும் இலைமுன் உட்காரவைத்திருந்தார்கள். அவள் கை வெட்டியது. சூடான பிரதமன் அவள் மடியிலும் அண்ணன் வேட்டியிலும் கொட்டியது. "ரிசல்ட் வந்தாச்சுல்லா? பொறவும் என்னட்டி நடிப்பு?" என்று அண்ணன் கத்தினான். ஒருத்தரும் இலையை விட்டு எழவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன். அதன்பின் அவள் விழுந்தால் நடிப்பு, சோறு இறங்காவிட்டால் நடிப்பு.

சண்டைபோட்டு இரண்டாவது முறை ஊசி போடவைத்தேன். இம்முறை நீர் பளிங்காக வந்தது. நோய் இருந்தது; முற்றியும் இருந்தது. "மொதல்லயே ஒழுங்கா சொல்லாண்டாமா இவனுவோ?" என்று அண்ணன் டாக்டரைத் திட்டினான். மயினி பக்கம் திரும்பவே இல்லை.

இப்போதும் மண்டபத்துக்குள்ளிருந்து அவன் குரல்தான் கேட்கிறது: "இங்க இன்னும் கொஞ்சம் ஊத்துடே."

இரண்டாவது ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நான் கிளம்பும்போது மயினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எடுத்தாள்.

"தம்பி... அண்ணன்ட்ட சொல்லு... நான் நடிக்கல்ல."