கை வருவதற்குள் போன வாக்கியம்

முப்பத்தைந்து வருஷம் பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தவள் நான். சுருக்கெழுத்தில் கை எப்போதும் பேச்சுக்குப் பின்னால்தான் ஓடும். மேனேஜர் ஏழாவது வார்த்தையைச் சொல்லும்போது கை இரண்டாவதில் இருக்கும். நடுவில் உள்ளதையெல்லாம் தலை பிடித்து வைத்திருக்க வேண்டும். என் தலை வைத்திருந்தது. அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

ரிட்டையரான பிறகு மாட்டுங்காவில் எங்கள் பில்டிங் சொசைட்டி மீட்டிங்குகளில் பேசுவதைக் குறித்து நான்தான் மினிட்ஸ் எழுதினேன். எழுபது தாண்டியதும் பேச்சு காதில் தெளிவாக விழும்; கை போய்ச் சேர்வதற்குள் வாக்கியத்தின் வால் காணாமல் போயிருக்கும். அந்தக் காலத்து ஆபீஸ் கடிதங்களை இன்றும் ஒப்பிப்பேன். அரை நிமிஷத்துக்கு முந்தைய பேச்சு நிற்காது. இடம் விட்டு எழுதி, வீட்டுக்கு வந்து யோசித்து நிரப்பிச் செக்ரட்டரியிடம் கொடுத்தேன். யாரும் குறை சொல்லவில்லை. சமாளித்துவிட்டேன் என்றே நம்பினேன்.

போன மாதம்தான் முதல்முறையாக நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த மினிட்ஸைப் படித்தேன். எழுதியவர் என்று கீழே என் பெயர். மேலே இருந்தது நான் எழுதியதே இல்லை. தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளை நான் செவ்வாய் என்று எழுதியிருந்தேன். அதில் வியாழன் என்றிருந்தது. கீழ்வீட்டுச் செக்ரட்டரியிடம் போய்க் கேட்டேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ மாமி. ரெண்டு வருஷமா மொபைல்ல ரெக்கார்ட் பண்ணித்தான் டைப் பண்றோம். மாமாதான் பண்ணச் சொன்னார்."

மாமா என்றால் என் கணவர். மீட்டிங்கில் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "பேஷா எழுதிட்டே" என்று காபி கலந்து கொடுக்கிற மனுஷன். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதுதான். மேலே போய்க் கேட்டேன்.

"உன்னை வேண்டாம்னுடுவாளோன்னு பயந்தேன்டி. அந்த நோட்டைத் தூக்கிண்டு போறச்சே உன் முகத்துல ஒரு சந்தோஷம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவர் காபி கலக்க எழுந்து போனார்.

அவ்வளவு மோசமாகவா எழுதினேன் என்று பார்க்க, கடைசி மீட்டிங் ரெக்கார்டிங்கை வாங்கிப் போட்டுக் கேட்டேன். "இன்னொரு தடவை சொல்லுங்கோ" என்று என் குரல். ஒரு முறை கேட்டதாகத்தான் எனக்கு ஞாபகம். அதே தொட்டி விஷயத்துக்கு ஐந்து முறை கேட்டிருக்கிறேன். செக்ரட்டரி ஐந்து முறையும் பொறுமையாகச் சொல்கிறார். ஐந்தாவது முறை பின்வரிசையில் ஒருவர் மூக்கால் சிரிக்கிறார். நாற்பத்தாறு வருஷமாகக் கேட்கும் சிரிப்பு, எனக்குத் தெரியாதா? எதையும் பிடித்து வைக்காத இந்தப் பாழாய்ப்போன தலை, அதை மட்டும் விடமாட்டேன் என்கிறது.