தேறிவிட்ட முகம்

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலைய மேம்பாலத்தில் பாதிப் படியில் மூச்சு முட்டியது. வயது, தொப்பை, சோம்பல் என்று மூன்று காரணங்களை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சிதம்பரத்து மருத்துவர் நான்காவதைச் சொன்னார்: நுரையீரல் புற்றுநோய். பரவியிருந்ததால் அறுத்தெடுக்க வழியில்லை.

இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்மீது ஏவும் சிகிச்சை) ஆரம்பித்தார்கள். டி-செல்களுக்கு (கிருமிகளையும் கெட்டுப்போன செல்களையும் கொல்லும் வெள்ளணுக்கள்) இயல்பாகவே ஒரு பிரேக் உண்டாம். புற்றுநோய் அதை மிதித்தபடி உட்கார்ந்திருக்கும். மருந்து அந்தக் காலைத் தட்டிவிடும். கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ்ஸில் போய்வருகிறவனுக்குப் பிரேக் இல்லாத ஓட்டம் புதிதல்ல.

கட்டி சுருங்கியது. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

பிறகு வறட்டு இருமல். டி-செல்கள் நல்ல நுரையீரலையும் தாக்கத் தொடங்கியிருந்தன (நிமோனைட்டிஸ்: நுரையீரல் அழற்சி). மருந்தை நிறுத்தி, ஸ்டீராய்டு (எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை) கொடுத்தார்கள். இதே சிகிச்சையில் இருப்பவர்களே, பலருக்கு இது பலன் தருகிறது, பயந்து மறுக்காதீர்கள். இருமலை மட்டும் உடனே சொல்லிவிடுங்கள். நான் உடனே சொன்னேன். இருந்தும் இப்படித்தான் ஆனது.

"மறுபடி எப்ப சார் போடுவீங்க?" என்றாள் என் மனைவி செல்வி.

"போட முடியாதும்மா. போட்டா மூச்சே நின்னுடும்."

"போடலன்னா?"

"வேற மருந்து இருக்கு. கொஞ்ச நாள் தாங்கும். பாப்போம்" என்று மருத்துவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டீராய்டு முகத்தைப் பூரிபோல உப்ப வைக்கும். எங்கள் மஞ்சக்குப்பமே "நல்லா தேறிட்டீங்க சார்!" என்றது. மருத்துவர் சொன்னதைக் காதால் கேட்ட செல்வியும் மெல்ல மெல்லக் கண்ணை நம்பத் தொடங்கினாள்.

மகளுக்கு நிச்சயமாகியிருந்தது. நாள் குறிக்கக் குறிஞ்சிப்பாடியிலிருந்து செல்வியின் அண்ணன் வந்தார்.

"இன்னா மாப்ள, கன்னம் பன்னு மாதிரி இருக்கு! கல்யாணத்த தையில வச்சிக்கலாம். அதுக்குள்ள முழுசா தேறிடுவீங்க. பந்தியில நீங்கதான் பரிமாறணும்."

"கன்னம் மாத்திரையால உப்புனது மச்சான். ஆவணியிலயே வச்சிடுங்க."

"இன்னா அவசரம்? பொண்ணு எங்கனா ஓடியா போவுது?"

"பொண்ணு ஓடாது மச்சான்."

சிரிக்க வாய் திறந்தவர், கையிலிருந்த பஞ்சாங்கத்தில் ஆவணியைப் புரட்டினார். சமையலறையில் செல்வி மிக்சியை நிறுத்தினாள்.

ஆவணி என்றே முடிவாயிற்று. தை இப்போது மற்றவர்களுடைய மாதம். சவரம் செய்யும்போது கண்ணாடியில் யாரோ செழிப்பான உறவுக்காரர் நிற்கிறார். கல்யாணப் படங்களில் அவர் நன்றாக விழுவார். பின்னால் ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள், "அன்னைக்கு எவ்ளோ நல்லா இருந்தாரு!" என்பார்கள்.